லாம்டாவுக்கு ஓட்டு

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைப் புழங்குகிறவர்கள் 2009 மார்ச்சில் ஓட்டுப் போட்டார்கள். மொழிக்குப் புது லோகோ வேண்டியிருந்தது. படங்கள் நூற்றுக்கும் மேல் வந்து குவிந்திருந்தன. இத்தனை படங்கள் களத்தில் நின்றால், ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற கணக்கில் பத்தில் ஒரு பங்கு ஓட்டு வாங்கிய படம்கூட ஜெயித்துவிடும். மற்ற ஒன்பது பங்குப் பேருக்கும் அது கண்ணில் காட்ட ஆகாது என்றாலும். நிரூபணம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாத கூட்டம் இதற்குச் சம்மதிக்குமா? காண்டார்செட் முறையைக் கையிலெடுத்தார்கள்.

காண்டார்செட் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர். வாக்கெடுப்பைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது 1785-இல். அவர் பெயரால் வழங்கும் முறையில் வாக்காளர் எல்லாப் படங்களையும் விருப்ப வரிசையில் அடுக்கித் தர வேண்டும். அந்த வரிசைகளை வைத்து, ஒவ்வொரு படத்தையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே மோதவிடுவார்கள். எதிர்த்து நின்ற எல்லாவற்றையும் வென்றது எதுவோ அதுவே தேர்வு. முதலாவது இரண்டாவதை வென்று, இரண்டாவது மூன்றாவதை வென்று, மூன்றாவது திரும்பி வந்து முதலாவதை வீழ்த்திவிட்டால் என்ன செய்வது? அந்தச் சிக்கலையும் அவரே எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். நூறு படங்களில் ஐம்பத்தேழாவது எது, ஐம்பத்தெட்டாவது எது என்று ஒருவர் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே மரியாதையும் வருகிறது.

ஜெயித்த படம் இன்றைக்கும் ஊதா நிறத்தில் புழக்கத்தில் இருக்கிறது. இடது ஓரத்தில் ஓர் அம்புமுனை. அதை ஒட்டினாற்போல் கிரேக்க எழுத்தான லாம்டா. அதன் வலது காலை உரசிக்கொண்டு இரண்டு படுக்கைக் கோடுகள். தெரியாதவருக்கு ஏதோ கோணல்மாணலான வடிவம். ஹாஸ்கெல் எழுதுகிறவர் கண்ணுக்கு, அலான்சோ சர்ச் 1930-களில் உருவாக்கிய லாம்டா கணிதமும், அந்த மொழியில் ஒரு செயலின் விளைவை அடுத்த செயலுக்குக் கைமாற்றும் ‘>>=’ என்ற குறியும் ஒரே கோட்டில் பிணைந்து தெரியும். இரண்டாவது அம்புமுனை இருக்க வேண்டிய இடத்தில் லாம்டா போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான் வித்தை.

இதற்கா இத்தனை பாடு என்று கேட்பவர்களிடம் ஒரு தயார் வாதம் உண்டு. நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் எழுதிய கேலிக்கதை அது. ஒரு குழு அணு உலைக்கான கோடிக்கணக்கான செலவைச் சில நிமிடங்களில் நிறைவேற்றிவிடும். சைக்கிள் கொட்டகை வந்ததும் விவாதம் சூடுபிடித்துவிடும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லாருக்கும் புரியும். நிரலாளர்கள் மத்தியில் ‘பைக் ஷெட்’ என்பது இன்று வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. லோகோவைப் பற்றி யாராவது நாலு வரி எழுதினால் போதும், பைக் ஷெட் என்று வாயை அடைத்துவிடலாம்.

பார்க்கின்சன் பாதியைத்தான் பார்த்தார் என்று எனக்குப் படுகிறது. ஹாஸ்கெல் மொழி உருவான விதத்தைப் பாருங்கள். 1987-இல் போர்ட்லாந்தில் நடந்த ஒரு மாநாட்டில் சில ஆய்வாளர்கள் கூடிப் பேசி, குழு அமைத்தார்கள். 1990-இல் முதல் அறிக்கை வந்தது. ஹாஸ்கெல் கரி என்ற தர்க்கவியல் அறிஞரின் பெயரை மொழிக்கு வைத்ததும் அந்தக் குழுதான். அவரது மனைவி வர்ஜீனியாவைப் பார்க்கப் போயிருந்த குழு உறுப்பினர் பால் ஹூடாக் விடைபெறும் நேரத்தில், தன் கணவருக்கு ஹாஸ்கெல் என்ற பெயரே பிடித்ததில்லை என்று அந்த அம்மா சொன்னாராம்! பெயர், இலக்கணம், வகைக் கோட்பாடு எல்லாம் விஷயம் தெரிந்த சிலர் முடிவு செய்தவை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கம்பைலரின் உள்விவகாரத்தில் போன மாதம் மொழியைக் கற்கத் தொடங்கியவர் என்ன சொல்லிவிட முடியும்? லோகோவில் சொல்ல முடியும். அங்கே மட்டும் அவருடைய வரிசைக்கும் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ் போட்டிருக்கக்கூடிய வரிசைக்கும் ஒரே எடை. பார்க்கின்சன் கதையில் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய குழுவினர், அன்றைக்கு முதல் முறையாக நிஜமாகவே கூட்டத்தில் கலந்துகொண்டார்கள் என்றும் அதைப் படிக்கலாம். எல்லாரும் கை வைக்கக்கூடிய ஒரு விஷயம் இருந்தால்தான் பயனர்களின் திரள் ஒரு சமூகமாகிறது. அந்த விஷயம் அற்பமாக இருப்பது ஒருவகையில் வசதி.

கை வைப்பதற்கு ஓட்டுச்சீட்டே வேண்டும் என்றில்லை. லாரி யூயிங் 1996-இல் வரைந்த லினக்ஸ் பென்குயின் எந்த லோகோப் போட்டியிலும் ஜெயித்ததில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொப்பி மாட்டலாம், வாள் கொடுக்கலாம் என்று இருந்ததால் உலகம் சுற்றியது. பெர்ல் மொழியின் ஒட்டகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓரைலி பதிப்பகத்தின் புத்தக அட்டையில் வந்த படம், பதிப்பகத்தின் வணிகமுத்திரை. பெர்ல் அறக்கட்டளை தனக்கென்று ஒரு வெங்காயத்தை வைத்துக்கொண்டது. வெங்காயத்தின் மேல் யாருக்கும் பகை இல்லை, ஆனாலும் பெர்ல் என்றதும் மனசில் வந்து நிற்பது ஒட்டகம்தான்.

ரஸ்ட் மொழிக்காரர்களுக்கு 2023 ஏப்ரலில் இது உறைத்தது. பல்சக்கரத்துக்குள் R எழுத்து இருக்கும் லோகோவையும் மொழியின் பெயரையும் எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று ரஸ்ட் அறக்கட்டளை ஒரு வரைவு விதியை வெளியிட்டதும் பெரிய கொந்தளிப்பு. பத்து வருஷமாகச் சட்டையில் போட்டுத் திரிந்ததற்கு இனி அனுமதி வாங்க வேண்டுமா என்ற கோபம். சட்டப்படி அறக்கட்டளையின் பக்கம் நியாயம் இருந்தது. வணிகமுத்திரையைக் காக்காமல் விட்டால் போய்விடும். வரைவைத் திருத்துவதாகச் சொல்லி அவர்கள் பின்வாங்கினார்கள். ஆனாலும் கோபித்துக்கொண்ட சிலர் மொழிக்குத் தனிக்கிளை ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். ரஸ்ட்டுக்கு ஃபெரிஸ் என்று ஒரு நண்டு உண்டு. யாரும் தேர்ந்தெடுக்காத, அதிகாரபூர்வம் அல்லாத செல்லப்பிராணி. வரைந்தவர் உரிமையை விட்டுக்கொடுத்து, எல்லாருக்கும் பொது என்று அறிவித்துவிட்ட படம். தனிக்கிளைக்கு அவர்கள் வைத்த பெயர் கிராப்லாங், அதாவது நண்டுமொழி. நண்டைக் கேட்டு வழக்குப் போட ஆளில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.