பிறர் இரகசியம்

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் ஓர் ஐயத்தை எழுப்பினான். கணிப்பொறி நிறுவனம் ஒன்றிலிருந்து விலகி, அதே தொழிலைச் செய்யும் மற்றொரு நிறுவனத்தில் அவன் சேர்ந்து மூன்று திங்களே ஆகியிருந்தன. புதிய இடத்து மேலாளர் ஒரு நாள் தேநீர் வேளையில், "உங்கள் பழைய நிறுவனத்தில் இந்த வேலைக்கு என்ன விலை சொல்வார்கள்?" என்று இயல்பாகக் கேட்டாராம். "பாட்டி, நான் அங்கிருந்து ஒரு காகிதத்தைக்கூட எடுத்து வரவில்லை. என் தலையில் இருப்பதைத்தான் கேட்கிறார். சொல்லிவிட்டால் அவர்களிடமிருந்து எதுவும் குறைந்துவிடாது. பிறகு அது எப்படித் திருட்டாகும்?" என்றான்.

அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. அவன் ஊருக்குத் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பொன்னைக் கவர்ந்தால் உடையவன் பெட்டி வெறுமையாகிறது. இரகசியத்தைக் கவர்ந்தாலோ அது உடையவனிடமும் இருக்கிறது, கவர்ந்தவனிடமும் இருக்கிறது. என் பேரனின் வாதம் இந்த வேறுபாட்டின்மீது நிற்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டு வியந்தேன். ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் ஐந்தைந்து அதிசாரங்களை வகுக்கும் உமாஸ்வாமிகள், பிறர் மறைவாகச் செய்ததை வெளிப்படுத்தும் இரகோப்யாக்கியானத்தையும், முகக்குறிப்பு, உடற்குறிப்பு ஆகியவற்றால் பிறர் உள்ளக் கருத்தை அறிந்து வெளியிடும் சாகார மந்திர பேதத்தையும் களவின்கீழ் வைக்கவில்லை. வாய்மையின் அதிசாரங்களில் வைத்தார். கள்ளாமையின் அதிசாரங்களிலோ முதலிரண்டாக வருபவை, ஒருவனைக் களவிற்குத் தூண்டுவதும், களவாடி வந்ததை ஏற்றுக்கொள்வதும் ஆகும்.

இவ்விரண்டு சூத்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பேரனின் கேள்வியில் ஒருவர் அல்லர், இருவர் நிற்பது தெரிகிறது. சொல்லுகிறவன் வாய்மையில் வழுவுகிறான். கேட்டுப் பெறுகிறவன் களவில் வழுவுகிறான். சொல்லுகிறவன் கெடுப்பது இரகசியத்தையன்று, எந்த நம்பிக்கையின் பேரில் அஃது அவனிடம் சொல்லப்பட்டதோ அந்த நம்பிக்கையை. வேலையில் சேர்ந்த நாளில் அவன் கையொப்பமிட்டுத் தந்தது அந்தச் சொல்லைத்தான். "எதுவும் குறையவில்லையே" என்னும் வாதம் ஆகையால் பொருளற்றுப் போகிறது. அவன் தந்த சொல் குறைந்துவிட்டதே!

ஏற்க மறுப்பதும் உலகில் நடப்பதுண்டு. அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டு பெப்சி நிறுவனத்திற்கு ஒரு கடிதம் வந்தது. கோக்கா கோலா நிறுவனத்தின் அந்தரங்க ஆவணங்களை விலைக்குத் தர ஒருவர் முன்வந்திருந்தார். நூறாண்டுப் போட்டியாளரின் இரகசியம் தானாக வாயிற்படி ஏறி வருகிறது. பெப்சியார் அக்கடிதத்தைக் கோக்கா கோலா நிறுவனத்திற்கே அனுப்பிவிட்டனர். அதன்பின் அந்நாட்டின் மத்தியப் புலனாய்வுத் துறையினர் வாங்குவோர்போல் நடித்து மூவரைப் பிடித்தனர். அவர்களுள் ஒருவர் கோக்கா கோலாவின் உயர் அதிகாரி ஒருவரிடம் செயலாளராயிருந்த பெண்மணி. ஆவணங்களையும், இன்னும் சந்தைக்கு வராத பானத்தின் மாதிரியையும் அவர் தம் கைப்பையில் வைத்தது அலுவலகக் கண்காணிப்புக் காமிராவில் பதிவாகியிருந்தது. 2007 இல் அவருக்கு எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெப்சியார் அறத்திற்கு அஞ்சினரோ சட்டத்திற்கு அஞ்சினரோ, அஃது அவர்கள் உள்ளத்திற்கே தெரியும். எனினும் ததாஹிருதாதானம் என்ற சொல்லை அறியாமலேயே அவர்கள் அதனைத் தவிர்த்தார்கள்.

களவாடியதை ஏற்பது குற்றமெனில் காலைத் தேநீரை என்ன செய்வது என்று என் மருமகள் வேடிக்கையாகக் கேட்டாள். வேடிக்கையில் ஓர் உண்மை உண்டு. 1848 இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாரைச் சீனத்திற்கு அனுப்பினர். அயல்நாட்டார் துறைமுகங்களைத் தாண்டி உள்நாட்டிற் செல்லத் தடையிருந்தமையால் அவர் தலையை மழித்துச் சடை முடித்துச் சீன உடையணிந்து, தொலைதூர மாகாணத்தார் என்று சொல்லிக்கொண்டு தேயிலை மலைகளுக்குட் புகுந்தார். பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியினின்றே வருகின்றன என்பதை அவர் அறிந்திருந்தார். செடிகளையும் விதைகளையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இமயமலைச் சாரலில் இருந்த கம்பெனித் தோட்டங்களுக்கு அனுப்பினார். பதப்படுத்தும் தொழில் தெரிந்த சீனர்களையும் அழைத்து வந்தார். பயணத்தைப் பெருமிதத்தோடு நூலாகவும் எழுதினார். அஸ்ஸாமில் இயல்பாகவே விளைந்த செடியும் பிற்காலத் தேயிலைப் பெருக்கத்திற்குக் காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மாறுவேடத்தின் பயனில் ஒரு மிடறு நம் கோப்பையிலும் இருக்கலாம். அதற்காகத் தேநீரை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உளவு எத்தனை நீண்ட நிழலை வீழ்த்துகிறது என்பதற்காகச் சொன்னேன்.

இனி, இரகசியத்தைக் காப்பதே பொய்யாகாதா என்பாரும் உளர். ஆகாது. வேடன் தன் முன் ஓடிய மானைப் பற்றிக் கேட்டபோது மௌனமாயிருந்த முனிவரின் கதையை நாம் அனைவரும் இளமையிற் கேட்டிருக்கிறோம். சொல்லாமல் விடுவது வேறு, பொய்யுரைப்பது வேறு. உளவு பார்ப்பவனுக்கு மௌனம் போதாது. பொய்ப்பெயரும் பொய்யுடையும் வேண்டும்.

ஆனால் அந்த மறைவினுள்ளே உயிர்க்கொலை இருந்தால்? இங்கேதான் எனக்குத் தயக்கம் பிறக்கிறது. 1994 இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனம் ஒன்றின் உள் ஆவணங்கள், வழக்கறிஞர் அலுவலகப் பணியாளர் ஒருவரால் படியெடுக்கப்பட்டு வெளியுலகிற்கு வந்தன. புகையிலையின் நஞ்சும் அடிமைப்படுத்தும் தன்மையும் அந்நிறுவனத்தார்க்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே தெரியும் என்பது அவற்றால் வெளிப்பட்டது. எடுத்தது களவு என்றது நிறுவனம். பொய்யும் களவும் ஏனைய பாவங்களும் இம்சையின் வேறு பெயர்களே, மாணாக்கர் விளங்கிக்கொள்ளவே தனித்தனியாகக் கூறப்பட்டன என்பது புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திராசாரியரின் கருத்து. அங்ஙனமாயின் இம்சையை மறைக்கும் இரகசியத்திற்கு விரதத்தின் காவல் கிடையாது என்றே நான் கொள்கிறேன். நம் நாட்டில் 2005 இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வணிக இரகசியங்களுக்கு விலக்களித்துவிட்டு, பெரிய பொதுநலன் வேண்டினால் அவற்றையும் வெளியிடலாம் என்கிறது. ஆயினும் எடுத்துச் சொல்பவர் கூலி பெறலாகாது, சினத்தினாலும் சொல்லலாகாது. விற்றால் அது பழைய களவேதான்.

அரசுக்கு ஒற்றர் வேண்டும் என்பதைத் திருக்குறள் பொருட்பாலில் ஓர் அதிகாரமே வைத்துச் சொல்கிறது. அது மன்னனுக்குரிய பகுதி. அதைப் பற்றி இல்லறத்தாராகிய நான் அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுவேன். இரகசியம் போய்விட்டது என்னும் அச்சமே கொடுமை செய்யும். நாகர்கோவிலைச் சேர்ந்த விண்வெளி அறிஞர் நம்பி நாராயணன் 1994 இல் ஏவூர்தி இரகசியங்களை அயல்நாட்டிற்கு விற்றார் என்று கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ ஐம்பது நாள் சிறையிலிருந்தார். குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று மத்தியப் புலனாய்வுத் துறை 1996 இல் அறிவித்தது. உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது 2018 இல்! இடைப்பட்ட ஆண்டுகளை எந்தக் கருவூலம் திருப்பித் தரும்?

பேரனிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 1984 இல் மாவட்ட அளவிலான அரையாண்டுத் தேர்விற்கு எட்டாம் வகுப்பு வரலாற்று வினாத்தாளைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. வினாத்தாளை எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறன்று பக்கத்து ஊரிலிருந்து என் தமையன் மகன் புத்தகத்தோடு வந்தான். "அத்தை, எதை நன்றாகப் படிக்கட்டும்?" என்றான். "எல்லாவற்றையும் படி" என்றேன். ஒரு சொல்லும் பிழையில்லை. அவன் விடவில்லை. "பாபரா? அக்பரா? ஷெர்ஷாவின் சீர்திருத்தங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான். மூன்றாவது பெயரில் நான் அவன் முகத்தைப் பாராமல் அடுக்களைக்குட் சென்றுவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடிய ஓசை எனக்குக் கேட்டது.

அவன் வகுப்பில் முதலாவதாக வந்தான். பள்ளி ஆண்டு விழாவில் பரிசும் பெற்றான். ஒரே ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் இரண்டாவதாக நின்றவள் ஒரு நெசவாளியின் மகள் என்று தமையனார் பெருமையோடு சொன்னபோது அறிந்தேன். தேர்வுக்கு முன்பே குழுவின் தலைவரிடம் சென்று, அந்த வினாவை மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மாற்று வினாத்தாள் எப்போதும் ஆயத்தமாகவே இருக்கும். வெட்கத்தினால் சொல்லவில்லை. வாய் திறக்காமலே மந்திர பேதம் நிகழ்ந்துவிடும் என்பதை அந்தச் சூத்திரத்தைப் படிப்பதற்கு முன்னரே நான் அறிந்திருந்தேன்.

மேலாளர் மறுபடியும் கேட்கக்கூடும். "நூறா? இருநூறா?" என்று எண்களை அடுக்கவும் கூடும். அப்போது பேரன் தன் வாயை மட்டுமன்றி முகத்தையும் காக்க வேண்டியிருக்கும். அல்லது, "ஐயா, அதை நான் சொல்வதற்கில்லை" என்று முதற் கேள்வியிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அன்று ஷெர்ஷாவின் பெயர் வருவதற்கு முன்பே நானும் அப்படிச் சொல்லியிருக்கலாம். இந்த இதழ் அவனுக்கும் தபாலில் போகும்.