அரிசி வாங்க முடியலையா, தம்பி?

பொட்டிபுரம் என்றதும் உங்களுக்கு நியூட்ரினோ ஞாபகம் வரும். எனக்குக் கேப்பை ரொட்டி! அந்த விவகாரம் பற்றி எழுதப் போனவன், போடிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு முதுவர் குடியிருப்புக்கும் ஏறினேன்.

வந்தவனுக்குச் சோறு போடத்தான் அந்தப் பாட்டி நினைத்தார். நான்தான் கேப்பை ரொட்டி கேட்டேன். கேப்பை மாவில் கோதுமையின் இழுவை கிடையாது. கட்டையால் தேய்த்தால் விண்டுவிடும். வெந்நீர் விட்டுப் பிசைந்து, வாழையிலையில் வைத்து விரலால்தான் தட்ட வேண்டும். சுடச்சுடக் கொடுத்தார்.

''எங்க வீட்லகூட ராத்திரி இதான் பாட்டி'' என்றேன், பெருமையாக.

பாட்டியின் முகம் வாடிவிட்டது. ''ஏன் தம்பி, அரிசி வாங்க முடியலையா?''

சிரித்துவிட்டேன். மலை இறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

காட்டைத் திருத்திக் கேப்பை விதைத்து, சில வருஷத்தில் வேறு சரிவுக்கு நகர்ந்தவர்கள் முதுவர்கள். விளைந்ததுதான் சாப்பாடு. காடு ரிசர்வ் ஆனது, ஏலத்தோட்டங்கள் பெருகின, விதைக்க இடம் சுருங்கியது. 2011-ல் ரேஷன் அரிசி இலவசமானது. அடுப்பில் சோற்றுப்பானை நிரந்தரமாக ஏறியது.

இப்போது நாம் வருகிறோம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த ஜோரில், 'இதைப் போய் விட்டுட்டீங்களே' என்று அவர்களுக்கே பாடம் நடத்துகிறோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் 10 தேறினால் அதிகம். கால்சியக் கணக்கு சரி. தர்மக் கணக்கு?

ஃப்ரிட்ஜில் இட்லி மாவு இருக்க, நானாக எடுத்த முடிவு என் ரொட்டி. பாட்டிக்கோ வேறு வழியில்லாத நாட்களின் ஞாபகம். வழி இருப்பவன், இல்லாதவரைப் பார்த்து 'உங்க சாப்பாடு உசத்தி' என்பதில் பாராட்டைவிட அகம்பாவம்தான் அதிகம்.

அதற்காக, 'அரிசி கொடுத்தாச்சு, போதும்' என்றும் விட முடியாது. கேப்பையை அவர்கள் விட்டதும் முழுக்க விருப்பப்பட்டு அல்ல. பாதிக் காரணம் நிலம். 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. நல்ல ஆரம்பம். ரெண்டும் கடையில் இருக்கட்டும். எது வேணும்னு பாட்டி சொல்லட்டும்.

அன்று பாட்டியின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. 'டாக்டர் சாப்பிடச் சொன்னார்' என்று சொல்லியிருக்கலாம்.

பாட்டியைச் சாப்பிடச் சொன்னது டாக்டர் இல்லை, பசி.