அந்த அடி எங்கே போகும்?

விடுமுறையில் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்கு வேலை பழகப் போனேன். பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். உரிமையாளருக்குத் தடித்த ஆக்சிலும் விறைப்பான லீஃப் ஸ்பிரிங்கும் வேண்டுமாம். "போட்டுட்டா எதையும் தாங்கும் அண்ணே"ன்னேன். மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "வண்டி தாங்கும் தம்பி. அந்த அடி எங்க போகும்?"

பாடத்தில் படித்ததுதான், உறைக்கவில்லை. ஆக்சிலை உறுதியாக்கினால் முறியும் இடம் கியர் பக்கம் நகரும். ஸ்பிரிங்கும் அப்படித்தான். ஒரு டன் சுமைக்குப் போட்ட பட்டை நாலைந்து பேருக்கு வளைந்துகொடுக்காது. பள்ளத்தின் அடி நேராக மேல்தளத்துக்கு ஏறும். அங்கே சிமெண்டு மூட்டை இருந்தால் கவலையில்லை. சிங்கப்பூரில் பல வண்டிகளில் அங்கே உட்காருவது ஊழியர்கள். சரக்கு வண்டியில் அவர்களை ஏற்றிச்செல்லச் சட்டம் இடம் தருகிறது. கூரை, பக்கக் கம்பி போன்ற நிபந்தனைகள் உண்டு. பேருந்து வைத்தால் செலவு கூடும், சிறு நிறுவனங்கள் தாங்காது என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தச் செலவும் மறைந்துவிடுவதில்லையே, யாரோ ஒருவர் முதுகில் இறங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில், இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்த ஓர் அண்ணனிடம் கேட்டேன். "லாரியில போய்ப் போய்ப் பழகிருச்சு தம்பி."

பொறுமை தர்மம் என்று நம் கூட்டங்களில் பேசுகிறோம். என் பொறுமை என் தர்மம், சரி. அடுத்தவர் பொறுமையை நம்பி நாம் மிச்சம் பிடிப்பது? அதுக்கு என்ன பேர்னு எனக்குத் தெரியல. அவரைப் போன்றவர்கள் கட்டிய புளோக்கில்தான் நானும் தூங்குகிறேன்.

திங்கட்கிழமை விறைப்பான பட்டைகள் ஏறின. போல்ட்டை முறுக்கியது நான்தான்.