போட்டுப் பாத்துருவோமா?

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. என்ன செய்வீர்கள்? பட்டனை மறுபடி அழுத்துவீர்கள். அப்புறம் கொஞ்சம் பலமாக. அப்புறம் பின்பக்கம் போய் ஒயரை ஆட்டிவிட்டு இன்னொரு தடவை. பெரும்பாலும் இதில் தப்பில்லை. ராம் லேசாக நகர்ந்திருக்கும். கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினால் எழுந்துகொள்ளும். மதர்போர்டில் இருக்கிற மூணு வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் தேதியை மறந்துவிட்டு ஏதோ ஒரு பழைய வருஷத்தில் போய் நிற்கும். மாற்றினால் ஆச்சு. இந்த மாதிரிக் கோளாறுகளில் போட்டுப் பார்ப்பதுதான் சோதனையே. எத்தனை தடவை கேட்டாலும் கேட்பதால் ஒன்றும் குறையாது.

கேட்பதாலேயே பதில் அழிந்துபோகிற கேள்விகளும் உண்டு. திருநெல்வேலிக்காரர்களுக்கு அது 2023 டிசம்பரில் தெரிந்தது.

அந்த 17, 18 தேதி மழையை மறந்திருக்க மாட்டீர்கள். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69. தாமிரபரணி கரையை மதிக்கவில்லை. ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் வெள்ளம், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் வெள்ளம். டெஸ்க்டாப் என்று பேர்தானே தவிர அந்தப் பெட்டி பெரும்பாலும் இருப்பது மேஜைக்கு அடியில். கட்டில், பீரோவுக்கெல்லாம் முன்னால் முழுகுவது அதுதான்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். கரண்ட் வந்துவிட்டது. மேலாகத் துடைத்தால் பெட்டி பழையபடி இருக்கிறது. மகளின் கல்யாண போட்டோவெல்லாம் அதற்குள். கை எங்கே போகும்?

அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற நண்பர் ஒருவர் சொன்னார்: “தண்ணில கெடந்து கெட்டதைவிட, ‘ஓடுதா பாப்பம்’னு சுவிட்சப் போட்டாங்கல்லா, அதுல போனதுதான் கூட.”

காரணம் இருக்கிறது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை லேசில் கடத்தாது. ஆற்று வெள்ளம் சுத்தமான தண்ணீரா? சேறு, உப்பு, சாக்கடை எல்லாம் சேர்ந்தது. அது போர்டின்மேல் ஈரமாக இருக்கும்போது கரண்டைக் கொடுத்தால், பிழைத்திருக்கக்கூடிய பாகமும் கருகும். பிளக்கைப் பிடுங்கி, அந்தப் பட்டன் பேட்டரியையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நாள் கணக்கில் காயவைத்தால் போர்டு பிழைக்க வாய்ப்புண்டு. ஹார்ட் டிஸ்க் கதை இன்னும் விசித்திரம். அதைக் காயக்கூட விடாதே, ஈரத்தோடு பையில் மூடி எடுத்து வா என்கிறார்கள், தகவல் மீட்கிறவர்கள். உள்ளே நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றுகிற தட்டு. அதற்கு மேலே, தலைமுடி கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் அதைப் படிக்கிற முள். நடுவில் காய்ந்த வண்டல் ஒரு துளி இருந்தால் போதும், தட்டைக் கீறிவிடும்.

2003-ல் கொலம்பியா விண்கலம் வானத்திலேயே சிதறியதல்லவா? அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் கருகிய நிலையில், சில மாதம் கழித்து வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்தது. தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிரைவில் மாற்றி, 99 சதவீதத் தகவலை எடுத்துவிட்டார்கள். கரிக்கட்டையைப் பார்த்தால் யாருக்கும் சுவிட்ச் போடத் தோன்றாது, அது ஒரு சௌகரியம். நன்றாக இருக்கிற மாதிரி தெரிகிற பொருளிடம்தான் நமக்குப் பொறுமை இல்லை.

ஆனால் ‘பொறுமை வேண்டும்’ என்று வெளியூரில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். அந்தப் பெட்டியை வைத்து டி.டி.பி. வேலை பார்த்துத் தினசரி சாப்பிடுகிறவருக்கு, ஒரு வாரம் காயவை என்பது ஒரு வாரம் பட்டினி கிட என்பது போல. போச்சா இருக்கா என்று தெரியாமல் தூங்குவதைவிட, போச்சு என்று தெரிந்துகொண்டு தூங்குவது சிலருக்கு மேல். பொருள் அவருடையது. கெடுத்துக்கொள்ளும் உரிமையும் அவருடையதுதானே? விஷயம் தெரிந்தவன் எவ்வளவு தூரம் தடுக்கலாம்?

அதே 17-ம் தேதி ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 800 பேர். பாதை சரியில்லை என்று தகவல் வந்ததும் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை நிறுத்திவிட்டார். செய்துங்கநல்லூர் போகிற வழியில் ஜல்லி அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. கடைசிப் பயணி வரை மீட்டு முடிக்க 19-ம் தேதி ஆனது. நடுவில் பசி, குளிர், இருட்டு. ‘மெதுவாக ஓட்டிப் பார்ப்போமே’ என்று அங்கே யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. அவர் கையில் சிக்னல் இருந்தது.

ரிப்பேர் நண்பரிடம் சிக்னல் கிடையாது. முடியாது என்றால் வாடிக்கையாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அங்கே சுவிட்ச் போட்டுக் காட்ட ஆள் இருக்கும். அதனால் அவர் முடியாது என்று சொல்வதை விட்டுவிட்டார். முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவார்.

“இதப் பத்திரமா வைங்க அண்ணாச்சி. சென்னைக்கு அனுப்பணும், செலவாகும், யோசிச்சுச் சொல்லுங்க. மத்ததக் கழுவிக் காயவச்சிருக்கேன். நாலு நாள் கழிச்சு வாங்க, நீங்களே போட்டுப் பாருங்க.”