முற்றத்து மரமும் அயலார் நலமும்



பஞ்சாலையில் எம்மோடு பணிபுரிந்த நண்பர் ஒருவர் உதகமண்டலத்தில் சிறு வீடு கட்டியுள்ளார். முற்றத்தில் அழகுக்கென எதனை நடலாம் எனக் கடிதம் எழுதிக் கேட்டார். ஸ்ரீவராகத்தில் எம் வாயிலில் ஆண்டு முழுதும் பூக்கும் செம்பருத்தி, மார்கழி, தை மாதங்களில் அங்கு விழும் உறைபனியில் கருகிவிடும். ஆகவே குளிர் தாங்குவது முதல் தகுதி. ஆனால் அஃதொன்றே போதுமா?

ஆங்கிலேயர் நீலகிரியில் தம் தோட்டங்களை அழகு செய்யக் கொணர்ந்த ஸ்காட்ச் புரூம் என்னும் மஞ்சட்பூச் செடியும் குளிர் தாங்கியதே. அதன் காய் வெடித்து விதை சிதறும். விதை மண்ணிற் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். தோட்டத்து வேலியைத் தாண்டிய அச்செடி, மழைநீரை உட்கொண்டு ஓடைகளுக்கு ஊட்டும் மலைப் புல்வெளிகள் பலவற்றை மூடிவிட்டது.

முதலில் நட்டவர் தீயவரா? அல்லர், விளைவை அறியாதவர். அவர் செய்தது பிழை. விளைவைக் கண்டறிந்த பின்னரும் நாம் அதனையே நடுவோமாயின், அது குற்றம். "என் நிலம், என் விருப்பம்" என்பார் உளர். நிலத்திற்கு வேலி உண்டு, விதைக்கு இல்லை.

ஆதலின், அம்மலைக்கே உரிய காட்டுப்பூவரசை நடுமாறு நண்பருக்கு எழுதினோம். அது பனி தாங்கும். ஆயின் மெல்ல வளரும். அதன் செம்மலரைக் காண அவர் நெடுநாள் காத்திருக்க நேரும். நம் கண்ணின் அவசரத்திற்காக அயலாரின் நீரைக் கெடுக்கலாகாது என்பதே எம் துணிபு.