விருந்தாளியின் பங்கு

  

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் மலைப்பாதையில் இருக்கிறது கோலா தெர்லா. கேமரன் மலை தேயிலைக்குப் பேர்பெற்றது. கோலா தெர்லாவோ காய்கறிக்குப் பேர்பெற்றது. இங்கே விளையும் கோசும் தக்காளியும் கீரையும் லாரியேறிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகின்றன. நம்மில் பலர் தராசில் நிறுத்து விற்பது இந்த மலையின் மண் கொடுத்ததைத்தான். அந்த மண்ணைக் கொத்தி நீர் பாய்ச்சுவோர் யார்? பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா, மியான்மர் முதலிய தேசங்களிலிருந்து பெண்டு பிள்ளைகளை விட்டு வந்தவர்களே இன்று அவர்களில் அநேகர். முன்னொரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் தமிழ் ஜனங்கள் எப்படி வந்தார்களோ, அப்படியே இவர்களும் வந்திருக்கிறார்கள்.

இவர்களுக்கும், இரவில் சரக்கேற்ற வரும் லாரி ஓட்டுநருக்கும், வழிப்போக்கருக்கும் ஒரு வேளைச் சோறும் ஓரிரவு தங்க இடமும் தரக்கூடிய தர்மத் தோட்டம் ஒன்று இம்மலையில் அமைந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இது புதுமையான யோசனை அன்று. நம் மார்க்கத்தில் வக்ஃபு என்னும் ஏற்பாடு வேரூன்றியதே இப்படிப்பட்ட ஒரு விளைநிலத்தில்தான்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், கைபர் வெற்றிக்குப் பின் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே நிலம் கிடைத்தது. அதைவிட உயர்ந்த பொருள் தமக்குக் கிடைத்ததே இல்லை என்று கருதிய உமர் (ரலி) அவர்கள், அதை என்ன செய்வதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, அதன் பலனைத் தர்மம் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். அன்று முதல் அந்த நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசாக அடையவோ கூடாதென்றாயிற்று. அதன் விளைச்சலுக்கு உரியவர்கள் யார் யார் என்பதும் அப்போதே வகுக்கப்பட்டது. ஏழைகள், உறவினர், விடுதலை பெற வேண்டிய அடிமைகள், அல்லாஹ்வின் பாதையில் உள்ளோர், வழிப்போக்கர், இவர்களோடு விருந்தாளிகள்.

சகோதரர்களே! இந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். மிஞ்சினால் விருந்தாளிக்கு என்று அங்கே சொல்லப்படவில்லை. ஏழைக்கு எப்படிப் பாத்தியதை உண்டோ, அப்படியே விருந்தாளிக்கும் உண்டு. வரவு செலவு பார்த்து, வாடகை போக, கூலி போக, மீதமிருந்தால் விருந்து என்று கணக்குப் போடுவது கடை நடத்தும் முறையாக இருக்கலாம்; அது வக்ஃபு நடத்தும் முறை ஆகாது. விருந்தாளியின் பங்கை முதலிலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும்.

நிர்வாகிக்கும் அங்கே அளவு வைக்கப்பட்டது. அவர் நியாயமான முறையில் அதிலிருந்து உண்ணலாம், தோழருக்கும் உண்ணக் கொடுக்கலாம். ஆனால் அதைக் கொண்டு செல்வம் சேர்க்கக் கூடாது. பிற்காலத்தில் அந்த நிலத்தின் பொறுப்பை உமர் (ரலி) அவர்கள் தம் மகளாரான அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

“பெருந்தனவந்தர்கள் செய்ய வேண்டிய காரியம் இது, சில்லறை வியாபாரிகளாகிய நாம் என்ன செய்வோம்?” என்று சிலர் கேட்கலாம். உமர் (ரலி) அவர்கள் கொடுத்தது கைபரில் தமக்கிருந்த நூறு பங்குகள் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. பலருக்கும் பொதுவான சொத்தில் பிரிக்கப்படாத பங்கை வக்ஃபு செய்யலாம் என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆகவே பத்துப் பேர் கூடி ஒரு நிலம் வாங்கினாலும், ஒவ்வொருவர் பங்கும் ஸதக்கத்துல் ஜாரியாவாக நிற்கும்.

இத்தகைய தர்மம் நிலைத்து நிற்குமா என்று சந்தேகிப்போர் பலஸ்தீனத்தின் கலீல் நகரைப் பார்க்கட்டும். ஹஜ்ரத் இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரால் அங்கே அன்னசாலை நடந்து வந்தது. 1047இல் அங்கு சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், வந்தவர் ஒவ்வொருவருக்கும் ரொட்டியும், ஒலிவ எண்ணெயில் சமைத்த பருப்பும், உலர்ந்த திராட்சையும் தினந்தோறும் கொடுக்கப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். சில நாட்களில் ஐந்நூறு பேர் வரை வருவார்களாம். மாவரைக்கும் ஆலைகள் பகல் முழுதும் சுழலுமாம். இதற்கென்று கிராமங்கள் வக்ஃபாக விடப்பட்டிருந்தன. எத்தனையோ அரசுகள் வந்து போயின. அந்தத் தகிய்யாவின் அடுப்போ நம் காலம் வரை எரிந்து வருகிறது.

ஆயினும் வக்ஃபு தானாகக் காப்பாற்றப்படுவதில்லை. நம் பினாங்கையே எடுத்துக்கொள்வோம். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கொடுத்த 18 ஏக்கர் நிலத்தில், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதிர் முகியித்தீன் அவர்கள் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. நூறாண்டு கழிவதற்குள் வக்ஃபுச் சொத்துக்களின் நிர்வாகம் பற்றி முறையீடுகள் மலிந்து, 1905இல் அரசாங்கமே சட்டம் போட்டுத் தனி வாரியம் அமைக்கும்படி ஆயிற்று. நிலம் நிலத்தின் இடத்திலேயே இருந்தது. அதன் பலன் எங்கே போகிறதென்று கேட்கத்தான் ஆள் குறைந்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பேரெடுத்த நாம் இதை மறக்கலாகாது.

இனி கோலா தெர்லாவுக்கு வருவோம். தனக்கு உடைமையில்லாததை ஒருவர் வக்ஃபு செய்ய முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில் வக்ஃபுக்குக் கால எல்லையும் கிடையாது. கேமரன் மலையிலோ பல தோட்டங்கள் டி.ஓ.எல். என்னும் தற்காலிக உரிமத்தில் ஆண்டுக்காண்டு நடந்து வந்தவை. உரிமமே இல்லாதவையும் உண்டு. 2019 ஜூலையில் கோலா தெர்லாவில் மாநில அரசாங்கம் தோட்டங்களை அகற்றியபோது, நெடுங்காலம் பயிரிட்டவர்களும் கண் முன்னே பயிரை இழந்தார்கள். எனவே முதலில் பட்டாவைப் பாருங்கள். பஹாங்கில் வக்ஃபுச் சொத்துக்கு மாநில இஸ்லாமிய சமய மன்றமே சட்டப்படி அறங்காவலர். அங்கே முறையாகப் பதிவு செய்து, நிர்வாகப் பொறுப்பை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதே பத்திரமான வழி.

மூலத்தை நிறுத்தி வைப்பதென்பது மலையில் மண்ணையும் நிறுத்தி வைப்பதாகும். சரிவுகளை மொட்டையாக்கிப் பயிரிட்டதால் கரைந்த மண் ரிங்லெட் ஏரியில் வண்டலாகப் படிந்து கிடக்கிறது. மேல்மண் போய்விட்டால் பட்டா மட்டும் கையிலிருந்து என்ன பயன்? தர்மத் தோட்டம் படிவரப்புக் கட்டியும், மரங்களை விட்டு வைத்தும், மருந்தை அளந்து தெளித்தும் நடக்க வேண்டும். விருந்தாளிக்கு நஞ்சில்லாத கீரையைக் கொடுப்பதும் விருந்தின் மரியாதையே.

விருந்து கொடுக்கும் முறையை இப்ராஹீம் (அலை) அவர்களிடம் கற்றுக்கொள்வோம். முன்பின் அறியாதவர்கள் வாசலுக்கு வந்தபோது, அவர்கள் யார், எந்த ஊர் என்று துருவிக்கொண்டிருக்கவில்லை. ஓசையில்லாமல் உள்ளே சென்று, கொழுத்த கன்றைச் சமைத்துக் கொணர்ந்து, விருந்தினரின் அருகிலேயே வைத்தார்கள். ஆகவே நம் தோட்டத்து வாசலிலும் மதமும் தேசமும் கேட்க வேண்டியதில்லை. கொடுத்தவர் பேரைச் சுவர் நிறைய எழுதவும் வேண்டியதில்லை. விருந்து மூன்று நாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். அந்த வரம்பு வீட்டுக்காரரையும் காக்கும், விருந்தாளியின் மானத்தையும் காக்கும்.

சகோதரர்களே! நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சி ஊருக்கெல்லாம் ஊற்றுகிறோம். அது நல்ல அமல். மற்றப் பதினொரு மாதமும் மலையில் பசியோடு இறங்கி வருபவனுக்கு யார் ஊற்றுவது? அடுத்த கூட்டத்தில் இதை யோசியுங்கள். ஒரு ஏக்கராயினும் போதும். பட்டா சுத்தமாயிருக்கட்டும், கணக்கு திறந்திருக்கட்டும், விருந்தாளியின் பங்கு முதல் வரியில் எழுதப்பட்டிருக்கட்டும்.

வல்ல நாயன் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத்துச் செய்து, நமக்குப் பின்னும் பலன் தரும் தர்மத்தை நம் கைகளால் நிறைவேற்றி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.