ஆற்றும் கரமும் காக்கும் கரமும்

காயத்தை ஆற்றுபவன் உயர்ந்தவனா, காயம் படாமல் காப்பவன் உயர்ந்தவனா? இவ்வினா ஏட்டில் பிறந்ததன்று. சிலிபினில் மாணவர் இருவர் கணினி விளையாட்டொன்றைப் பற்றி வாதிட்டபோது என் செவியில் விழுந்தது.

2002இல் கொரியாவில் வெளிவந்து நம் நாட்டு இளைஞரையும் ஈர்த்த ‘ராக்னராக் ஆன்லைன்’ என்பது அவ்விளையாட்டு. அதில் பலர் ஓர் அணியாய்த் திரண்டு அரக்கரோடு பொருவர். அடிபட்டவரின் உயிராற்றலைக் குரு மீட்டளிக்கிறார். பாணனோ இசை மீட்டித் தோழரின் தாக்கும் விரைவைப் பெருக்குகிறான். ‘குரு இல்லையேல் அணி மடியும்’ என்றான் ஒருவன். ‘பாணன் இருந்தால் போர் விரைந்து முடியும், குருவுக்கு வேலையே குறையும்’ என்றான் மற்றவன்.

நம் நன்றியுணர்வு இயல்பாகவே குருவின் பக்கம் சாய்கிறது. காரணம் வெளிப்படை. வீழ்ந்து எழுந்தவன் தன்னை எழுப்பிய கரத்தை அறிவான். வீழாதவனோ தன்னைத் தாங்கிய கரத்தை அறியான். நிகழாத துன்பத்திற்குச் சாட்சி ஏது?

நம் தோட்டப்புற வரலாறே இதற்குச் சான்று. மலேரியாக் காய்ச்சல் பால்மரத் தோட்டங்களில் எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. கொய்னா மருந்தளித்த கையைத் தொழிலாளர் கும்பிட்டனர். ஆனால், 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்துக் கொசுவின் பிறப்பிடத்தையே அழிக்க முற்பட்டார். அம்முறை பின்னர்த் தோட்டங்களுக்கும் பரவியது. வாட்சனின் பெயரேனும் நூல்களில் உண்டு. சேற்றில் இறங்கிக் கால்வாய் வெட்டிய தொழிலாளர் பெயர் எங்கே உண்டு? அவர்களால் காய்ச்சலுறாது வளர்ந்த குழந்தைகளும் அவர்களை அறியார்.

அவ்வாறாயின் காப்பவனே மேலானவன் எனத் தீர்ப்பளித்துவிடலாமா? இயலாது. காய்ச்சலில் நடுங்கிக் கிடப்பவனிடம், ‘நாளை கால்வாய் வெட்டுவோம்’ என்பது அறமாகாது. கண்முன் துடிப்பவனுக்கே முதல் உரிமை உண்டு.

இவ்விரு கடமைகளும் ஓருயிரில் ஒன்றியதைப் பேராக் மண் கண்டிருக்கிறது. 1899இல் பிறந்த சிபில் கார்த்திகேசு, செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பணி செய்தவர். தமிழ் மருத்துவர் ஒருவரை மணந்தவர். ஜப்பானியர் படையெடுப்பின்போது ஈப்போவிலிருந்து பாப்பானுக்குக் குடிபெயர்ந்து, அவர்களது ஆட்சியில் எதிர்ப்புப் படையினரின் காயங்களுக்கு மறைவாகச் சிகிச்சையளித்தார். 1943இல் பிடிபட்டுக் கொடுஞ்சித்திரவதைக்கு உள்ளானார். எனினும், அவரைக் காட்டிக்கொடுக்கச் செய்ய எவராலும் இயலவில்லை. போருக்குப்பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், 1948இல் மறைந்தார். பாப்பானில் அவருடைய கைகள் காயங்களை ஆற்றின. சிறையில் அவருடைய மௌனம் காயங்களைத் தடுத்தது. அவர் ஆற்றிய புண்களை ஒருவேளை எண்ணிவிடலாம். அவர் வாய் திறவாமையால் ஏற்படாது போன புண்களை யாரே எண்ணவல்லார்?

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தை முடிக்கும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறார். பேணுபவரை அவர் விட்டுவிடவில்லை. ஆகவே, ‘யார் உயர்ந்தவர்?’ என்பதினும் ‘யாரை நாம் காணத் தவறினோம்?’ என்பதே தக்க வினா. ஆற்றுபவருக்கு நம் நன்றி தானே சென்று சேரும். காப்பவருக்கோ அதை நாம் தேடிச்சென்று செலுத்தவேண்டும்.

ஆசிரியர்க்கு இது புதிதன்று. தேர்வில் முதன்மை பெற்ற மாணவனைப் பள்ளி அறியும், ஊர் அறியும். படிப்பைக் கைவிட எண்ணிய ஒரு நாளில், யாரோ சொன்ன ஒரு நற்சொல்லால் மறுநாளும் பள்ளிக்கு வந்த மாணவனை எவரும் அறியார். சில வேளை அச்சொல்லைச் சொன்ன ஆசிரியரும் அறியார். ஆயினும், சொல்லிக்கொண்டே இருத்தல் வேண்டும்.